சேற்றில் சிக்கிய டிராக்டருக்குச் சங்கிலியை எங்கே கட்டுவது?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் நான்கு, சுற்றும் பொருட்களைப் பற்றியவை. ஒன்று குழந்தைகளின் பொம்மை, ஒன்று கிணற்று வேலை, ஒன்று டிராக்டர், மற்றொன்று பழைய ஆயில் எஞ்சின். கேட்டவர்கள் வேறு வேறு மாவட்டத்துக்காரர்கள். ஆனாலும் நான்குக்கும் அடியில் இருக்கும் கணக்கு ஒன்றுதான். அதனால் நான்கும் சேர்ந்தே வருகின்றன. விவசாயப் பத்திரிகையில் பொம்மைக்கு என்ன வேலை என்று யாரும் அதைத் தாண்டிப் போய்விட வேண்டாம். அடுத்த பதில்கள் அதை வைத்துத்தான் புரியும்.

*

“பேரனுக்குத் திருவிழாக் கடையில் ஒரு யோ-யோ வாங்கிக் கொடுத்தேன். கையிலிருந்து விட்டால் கல் மாதிரி விழாமல் மெதுவாக இறங்குகிறது. கடைசிவரை போய்விட்டுத் தானாகவே மேலே ஏறுகிறது. எப்படித் தாத்தா என்கிறான். என்ன சொல்வது?”
— ஈரோடு மாவட்ட வாசகர்

இரண்டு வட்டு, நடுவில் மெல்லிய அச்சு, அச்சில் சுற்றிய நூல். யோ-யோ என்பது அவ்வளவுதான். கையை விட்டதும் அதன் மேல் இரண்டு விசைகள் வேலை செய்கின்றன. பூமி கீழே இழுக்கிறது, நூல் மேலே இழுக்கிறது. பூமியின் இழுப்பு வட்டின் நடு மையத்தில் விழுவதால் அது வட்டைச் சுழற்றாது. நூல் அப்படியல்ல. அச்சின் ஓரத்தில், மையத்திலிருந்து கொஞ்சம் விலகி இழுக்கிறது. அந்தக் கொஞ்ச விலகல்தான் வட்டைச் சுழல வைக்கிறது. விசை எவ்வளவு என்பது பாதிக் கணக்கு. மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறது என்பது மீதிப் பாதி. இரண்டையும் பெருக்கினால் வருவதே முறுக்கு விசை.

மெதுவாக இறங்குவது ஏன்? உயரத்தில் இருக்கும் பொருளிடம் ஒரு சேமிப்பு இருக்கிறது. கல் விழும்போது அந்தச் சேமிப்பு முழுவதும் இறங்கும் வேகத்துக்கே செலவாகிறது. யோ-யோவுக்கு இரண்டு செலவு: இறங்கவும் வேண்டும், சுழலவும் வேண்டும். நூல் அச்சின் சுற்றளவு அளவுக்கு அவிழ்ந்தால்தான் வட்டு ஒரு சுற்றுச் சுற்றும். அச்சு மெலிதாக இருந்தால் கொஞ்சம் இறங்குவதற்கே பல சுற்று சுற்றியாக வேண்டும். அச்சின் விட்டம் 1 செ.மீ., வட்டின் விட்டம் 6 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், சேமிப்பின் 19 பங்கில் 18 பங்கு சுழற்சிக்கே போய்விடுகிறது. இறங்குவதற்கு மிஞ்சுவது ஒரு பங்கு. அதனால்தான் ஒரு மீட்டர் உயரத்தைக் கல் அரை நொடிக்குள் கடக்க, யோ-யோ கிட்டத்தட்ட இரண்டு நொடி எடுத்துக்கொள்கிறது. அடியில் போய்ச் சேரும்போது அது நொடிக்கு 32 சுற்று சுற்றிக்கொண்டிருக்கும்.

மேலே ஏறுவது அந்தச் சுழற்சியால்தான். நூல் தீர்ந்தாலும் சுழற்சி நிற்பதில்லை. அதே திசையில் சுற்றிக்கொண்டே, அவிழ்த்த நூலை மறுபடியும் தன் மேல் சுற்றிக்கொள்கிறது. சுற்றச் சுற்ற மேலேறுகிறது. காற்றும் உராய்வும் கொஞ்சம் தின்றுவிடுவதால் விட்ட இடம்வரை வராது. விரலால் லேசாகச் சுண்டி அந்தக் குறையை ஈடு செய்ய வேண்டும். பேரன் இதை ஏற்கெனவே கற்றிருப்பான்.

இப்போது கிடைக்கும் யோ-யோக்களில் நூலை அச்சோடு இறுக முடிந்திருக்க மாட்டார்கள், கண்ணி போட்டு மாட்டியிருப்பார்கள். அதனால் அடியில் சிறிது நேரம் சுற்றிக்கொண்டே நிற்கும். பிலிப்பைன்ஸில் பிறந்து அமெரிக்கா போன பெத்ரோ ஃபுளோரஸ் 1928-இல் கலிபோர்னியாவில் இந்த வகையைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். உலகம் முழுக்கப் பரவியது அதன் பிறகுதான்.

பேரனுக்கு இன்னொரு வேடிக்கையும் காட்டலாம். யோ-யோவை மேசை மேல் உருளும்படி நிறுத்தி, நூல் அச்சின் அடிப்பக்கத்திலிருந்து வெளியே வருமாறு வைத்து, மேசையை ஒட்டியே மெதுவாக இழுக்க வேண்டும். நூல் அவிழ்ந்து வட்டு அந்தப் பக்கம் ஓடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் அது இழுப்பவர் பக்கமே உருண்டு வரும், நூலையும் சுற்றிக்கொள்ளும். அதே நூலை நேராக மேல்நோக்கி இழுத்தால் எதிர்ப்பக்கம் உருண்டு போகும். இழுக்கும் பலத்தை மாற்றவில்லை, இழுக்கும் கோட்டை மட்டும்தான் மாற்றினோம். இதைப் பேரன் செய்து பார்க்கட்டும். மூன்றாவது கேள்விக்கு இது தேவைப்படும்.

*

“கிணற்றில் மோட்டார் இறக்கும்போது கை வின்ச்சின் கைப்பிடி நழுவிவிட்டது. எட்டிப் பிடிக்கப் போன தம்பிக்கு முன்கை எலும்பு முறிந்தது. மோட்டார் 80 கிலோதான். ஒரே ஆள் சுற்றி இறக்கிக்கொண்டிருந்த வேலை. இவ்வளவு அடி எப்படி?”
— திண்டுக்கல் மாவட்ட வாசகர்

ஒரே ஆள் இறக்க முடிந்ததுதான் இதில் ஏமாற்று. வின்ச் உருளையின் விட்டம் 20 செ.மீ. என்றால், கயிறு மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி இழுக்கிறது. கைப்பிடி 40 செ.மீ. நீளம் என்றால் கை நான்கு மடங்கு தள்ளிப் பிடிக்கிறது. ஆகவே 80 கிலோவைத் தாங்கக் கைக்கு 20 கிலோ பலம் போதும். ஒரு குடம் தண்ணீர் தூக்குவது போலத்தான் இருக்கும். அதனால் கையில் இருப்பது 80 கிலோ என்பதே மறந்துபோகிறது.

கை நழுவிய நொடியில் வின்ச் ஒரு யோ-யோவாக மாறிவிடுகிறது, ஆனால் தலைகீழ் யோ-யோ. பொம்மையில் கயிறு சுற்றிய அச்சு மெலிது, சுழலும் வட்டு பெரிது. அதனால் மெதுவாக இறங்கியது. வின்ச்சிலோ சுழலும் உருளை லேசானது, தொங்கும் மோட்டார் கனமானது, கயிறு சுற்றிய இடமும் அகலமானது. சுழற்சிக்குப் போகும் பங்கு குறைவு. மோட்டார் கல்லைப் போலவே விழும்.

உருளை 15 கிலோ, கைப்பிடியும் கம்பியும் சேர்ந்து இரண்டரைக் கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டால், மோட்டார் 3 மீட்டர் இறங்க ஒரு நொடிகூட ஆகாது. அப்போது அதன் வேகம் நொடிக்கு ஆறரை மீட்டருக்கு மேல். கைப்பிடியின் நுனி அதைப்போல் நான்கு மடங்கு வேகத்தில் சுற்றும். மணிக்கு 95 கிலோமீட்டர் கணக்கில் வரும். நெடுஞ்சாலையில் போகும் பேருந்துக்குக் குறுக்கே கையை நீட்டியது போலத்தான். உருளையின் இருசில் உராய்வு இருப்பதால் இது கொஞ்சம் குறையலாம். கைக்கு அதனால் பெரிய ஆறுதல் இல்லை. முதல் அரைச் சுற்று முடிவதற்குள்ளேயே நுனி மணிக்கு 30 கிலோமீட்டரை எட்டிவிடும். ஆகவே எட்டிப் பிடிக்க நேரம் என்று ஒன்று கிடையாது. நழுவிய வின்ச்சை யாரும் கையால் பிடிக்கக் கூடாது. விலகி நிற்பதே ஒரே வழி. மோட்டார் போனால் வாங்கிக்கொள்ளலாம்.

கயிற்றைக் குறுக்கே பிடித்து நிறுத்தலாமா என்றால் அதுவும் ஆகாது. ஒரு மீட்டர் தடையில்லாமல் விழுந்த பொருளைப் பத்து செ.மீ. தூரத்தில் நிறுத்த, அதன் எடையைப்போல் பதினோரு மடங்கு இழுவை வேண்டும். 80 கிலோவுக்கு 880 கிலோ. வெயிலில் காய்ந்த பழைய கயிறு அதைத் தாங்காது, மேலே ஊன்றிய கம்பமும் தாங்குமா என்பது சந்தேகம்.

வின்ச் வாங்கும்போதே பல்சக்கரமும் அதில் விழும் கொக்கியும் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். மேலே ஏற்றும்போது கை நழுவினாலும் கொக்கி பல்லில் விழுந்து உருளையை நிறுத்திவிடும். ஆனால் இறக்கும்போது அந்தக் கொக்கியைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் இறக்குவார்கள். விபத்துகள் நடப்பதும் அப்போதுதான். எனவே இறக்குவதற்குத் தனியாக பிரேக் உள்ள வின்ச் நல்லது.

அது இல்லாதவர்களுக்குப் பழைய முறை ஒன்று இருக்கிறது. கிணற்றடியில் ஆழ ஊன்றிய கட்டைத்தூண் அல்லது உறுதியான மரத்தில் கயிற்றை மூன்று சுற்று சுற்றி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுவது. கரடுமுரடான மரத்தில் ஒவ்வொரு சுற்றும் இழுவையை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது. 80 கிலோ ஒரு சுற்றில் 16 கிலோவாகும், இரண்டாவது சுற்றில் மூன்றரைக்கும் கீழே வரும், மூன்றாவதில் ஒரு கிலோகூட இருக்காது. அடங்காத காளையைப் பிடித்தவர் கயிற்றைத் தூணில் ஒரு சுற்றுப் போட்டு நிறுத்துவதும் இதே கணக்குதான். வழுவழுப்பான இரும்புக் குழாயும் நைலான் கயிறும் என்றால் உராய்வு குறைவு, இன்னும் இரண்டு சுற்று கூட வேண்டும். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுத்தடுத்து இருக்க வேண்டும். ஏறிவிட்டால் கயிறு இறுகிக்கொண்டு பாதியில் நின்றுவிடும். அதை அவிழ்க்கப் போவது வேறொரு ஆபத்து.

இந்த முறையில் கைப்பிடியே இல்லை, அடிக்க எதுவும் இல்லை என்பது பெரிய லாபம். தம்பியின் கை விரைவில் சரியாகட்டும்.

*

“சம்பா நடவுக்குச் சேற்றுழவு ஓட்டும்போது டிராக்டர் உளையில் இறங்கிவிட்டது. பின் சக்கரங்களில் மரக்கட்டையைச் சங்கிலியால் கட்டி முதல் கியரில் கிளப்பினோம். சக்கரம் சுற்றவில்லை, முன்பக்கம் தூக்கிவிட்டது. ஓட்டியவர் கிளட்சை மிதித்ததால் டொம்மென்று கீழே வந்தது. பிறகு இன்னொரு டிராக்டரை வைத்து இழுத்தோம். அதுவும் முன்பக்கம் தூக்கப் பார்த்தது. எங்களிடம் என்ன தவறு?”
— திருவாரூர் மாவட்ட வாசகர்

இரண்டு தடவையும் தப்பியது அதிர்ஷ்டம். டிராக்டர் பின்பக்கமாக மல்லாந்தால் ஓட்டுநர் ஸ்டீயரிங்குக்கும் தரைக்கும் நடுவில் போய்விடுவார். முன் சக்கரம் கிளம்பியதிலிருந்து திரும்ப முடியாத நிலைக்குப் போக முக்கால் நொடி அளவுதான் ஆகும். முழுதாகக் கவிழ ஒன்றரை நொடி. என்ன நடக்கிறது என்று மூளைக்கு எட்டி, கால் கிளட்சுக்குப் போகவே ஏறத்தாழ அந்த முக்கால் நொடி பிடிக்கும். அந்த ஓட்டுநரின் கால் வேகமானது. எல்லோருடைய காலும் அப்படி இருக்காது.

முதலில் கட்டை கட்டிய விஷயம். எஞ்சின் பின் அச்சைப் பிடித்து முறுக்குகிறது. சக்கரம் முன்னோக்கிச் சுற்ற வேண்டும் என்று முறுக்கினால், அதே அளவு முறுக்கு டிராக்டரின் உடம்பைப் பின்னோக்கிச் சுற்றவும் வேலை செய்கிறது. ஒன்றைத் தள்ளினால் அது திருப்பித் தள்ளும் என்பது முறுக்குக்கும் பொருந்தும். பைக்கில் இளைஞர்கள் முன் சக்கரத்தைத் தூக்கிக்காட்டுவது இதை வைத்துத்தான். சக்கரம் சுற்றும்வரை முறுக்கெல்லாம் அதன் வழியே மண்ணுக்குப் போய்விடும். சக்கரம் சுற்றவே முடியாமல் கட்டையால் பூட்டிவிட்டால், சுற்றுவதற்கு மிச்சமிருப்பது உடம்பு மட்டும்தான்.

எவ்வளவு முறுக்கு என்று பார்த்துவிடலாம். 45 குதிரைத்திறன் டிராக்டர் சுமார் 2,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் 800 கிலோ முன் சக்கரத்தின் மேல், மீதி 1,200 பின் சக்கரத்தின் மேல். இரண்டுக்கும் இடைவெளி 2 மீட்டர். முன்பக்கத்தைத் தரையோடு பிடித்து வைத்திருப்பது 800-ஐ 2-ஆல் பெருக்கிய 1,600. இதை விடப் பெரிய முறுக்கு வந்தால் முன்பக்கம் எழும்.

எஞ்சின் தரும் முறுக்கு, ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 15 கிலோ தொங்கவிட்ட அளவு இருக்கும். அது மட்டும் என்றால் ஒன்றும் ஆகாது. ஆனால் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது, மிகக் குறைந்த கியரில் பின் சக்கரம் 10 சுற்றுதான் சுற்றுகிறது. வேகம் 200 மடங்கு குறைந்தால் முறுக்கு அதே அளவு பெருகும். 15-ஐ 200-ஆல் பெருக்கினால் 3,000. கியரில் வீணாவதைக் கழித்தாலும் 2,500-க்குக் குறையாது. முன்பக்கத்தைப் பிடித்திருப்பதோ 1,600. குறைந்த கியரில் எந்த டிராக்டருக்கும் தன்னைத்தானே மல்லாத்திக்கொள்ளும் பலம் உண்டு என்பது இதற்குப் பொருள்.

அப்படியானால் தினமும் ஏன் கவிழ்வதில்லை? சக்கரம் வழுக்குவதால்தான். உழவு மண்ணில் பின் சக்கரம் தன் மேல் உள்ள 1,200 கிலோவில் பாதி அளவு இழுவைக்கு மேல் தாங்காது, வழுக்கிவிடும். 600 கிலோ இழுவை, சக்கரத்தின் ஆரம் 70 செ.மீ.; பெருக்கினால் 420 வருகிறது. 1,600-க்குப் பக்கத்தில்கூட வராது. சக்கரம் வழுக்குகிறதே என்று சலித்துக்கொள்கிறோம். உண்மையில் அந்த வழுக்கல் டிராக்டருக்கு ஒரு பாதுகாப்பு வால்வு. மரக்கட்டையைக் கட்டும்போது அந்த வால்வை அடைத்துவிடுகிறார்கள். கேஜ் வீல் போட்டு உளையில் அச்சுவரை இறங்கிய டிராக்டருக்குக் கட்டை கட்டாமலேயே அந்த நிலை வரலாம். அதன் பட்டைகள் மண்ணைக் கவ்விக்கொள்கின்றன.

இனி சங்கிலி. கடிதத்தில் சங்கிலியை எந்த இடத்தில் மாட்டினார்கள் என்று எழுதவில்லை. முன்பக்கம் தூக்கப் பார்த்தது என்பதிலிருந்து, டாப் லிங்க் மாட்டும் இடத்திலோ அதற்குப் பக்கத்திலோ மாட்டியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம். உயரத்தில் கட்டினால் சங்கிலி சேற்றில் புதையாது, குனியவும் வேண்டாம் என்பதால் பலர் அப்படிச் செய்கிறார்கள்.

இங்கேதான் மேசை மேல் வைத்த யோ-யோ. அது மேசையைத் தொடும் புள்ளிதான் அந்தக் கணத்தில் அதற்குக் கீல். நூலின் கோடு அந்தக் கீலுக்கு மேலே போனால் வட்டு ஒரு பக்கம் உருளும். நூலை நிமிர்த்தி, கோடு கீலுக்கு மறுபக்கம் போய்விட்டால் எதிர்ப்பக்கம் உருளும். கோடு சரியாகக் கீல் வழியாகவே போகும் ஒரு சாய்வும் உண்டு. அப்போது வட்டு எந்தப் பக்கமும் உருளாமல் இழுபட்டு வழுக்கும். அச்சு வட்டில் பாதி அளவு இருந்தால் அந்தச் சாய்வு 60 பாகை. இழுவிசையின் கோடு கீலிலிருந்து எவ்வளவு விலகிப் போகிறதோ, அந்த அளவுதான் திருப்பும் பலம்.

இழுக்கும் டிராக்டருக்குப் பின் டயர் மண்ணைத் தொடும் இடம்தான் கீல். சங்கிலி பின்னோக்கி இழுக்கிறது. அது எவ்வளவு உயரத்தில் இழுக்கிறதோ அவ்வளவு நீள நெம்புகோல். டிராபார் தரையிலிருந்து 45 செ.மீ. உயரம் என்றால், 800 கிலோ இழுவைக்கு 360. டாப் லிங்க் இடம் ஒரு மீட்டர் உயரம் என்றால், அதே இழுவைக்கு 800. இரண்டும் 1,600-க்குக் கீழேதான், பயமில்லை என்று தோன்றும். ஆனால் சிக்கிய டிராக்டரை யாரும் மெதுவாக இழுப்பதில்லை. சங்கிலியைத் தளரவிட்டு, ஓடிவந்து வெடுக்கென்று இழுக்கிறார்கள். அந்த வெடுக்கில் இழுவை இரண்டு மடங்கானால் டிராபாரில் 720. டாப் லிங்கில் 1,600. முன் சக்கரம் தரையை விடும் எல்லை அதுதான்.

அதற்குப் பிறகு நிலைமை தானாகவே மோசமாகும். முன்பக்கம் உயர உயர டிராக்டரின் எடை பின் அச்சுக்கு நெருங்கி வருகிறது, பிடித்து வைத்திருந்த 1,600 குறைந்துகொண்டே போகிறது. டிராபாரில் கட்டியிருந்தால் முன்பக்கம் எழும்போது கட்டிய இடம் கீழே இறங்கும், நெம்புகோலும் குட்டையாகும், ஓரளவு தானே அடங்கும். மேலே கட்டியிருந்தால் நெம்புகோலின் நீளம் அவ்வளவாகக் குறையாது, அடங்காது. மேட்டில் ஏறும்போது இழுத்தால் 1,600 தொடக்கத்திலேயே குறைவாக இருக்கும்.

ஆகவே இழுக்கும் டிராக்டரில் சங்கிலி டிராபாரில் மட்டுமே. டாப் லிங்க் இடம், பின் அச்சுக் கூடு, இருக்கையின் சட்டம் எதிலும் கூடாது. டிராபார் கழற்றி வீட்டில் கிடக்கிறது என்றால் போய் எடுத்து வந்து மாட்டிவிட்டு இழுக்கட்டும். அரை மணி நேரம் போகும், அவ்வளவுதான். சங்கிலியின் தொய்வை மெதுவாக நகர்ந்து எடுத்துவிட்டு, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். முன்பக்கத்துக்கு எடைக்கட்டிகள் இருந்தால் மாட்டிக்கொள்ளலாம். நைலான் கயிறு இந்த வேலைக்கு வேண்டாம். அது ரப்பர் போல இழுபட்டு, அறுந்தால் சாட்டையாக அடிக்கும். சங்கிலியானாலும் அதன் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் ஆட்கள் நிற்கக் கூடாது. மட்கார்டில் யாரையும் உட்கார வைக்கக் கூடாது. தள்ளிக் கொடுக்கிறேன் என்று பின்னால் நிற்பவர்களையும் கரையேற்றிவிட வேண்டும்.

சிக்கிய டிராக்டர் சொந்த பலத்தில் வெளியேற முயன்றால், முன்னால் போகப் பார்க்காமல் பின்னால் எடுக்க வேண்டும். ரிவர்ஸில் முறுக்கு எதிர்த்திசை ஆகிறது, உடம்பின் முன்பக்கத்தைத் தூக்காமல் தரையில் அழுத்துகிறது. டயருக்குப் பின்னால் உள்ள சேற்றை மண்வெட்டியால் சரிவாக வெட்டி எடுத்து, வைக்கோலோ தென்னை மட்டையோ போட்டு, பின்பக்கமாக வருவது பழகியவர்கள் செய்யும் முறை. சேற்று வயலிலிருந்து உயரமான வரப்பில் ஏறும்போதும் இதே விதி. கேஜ் வீலோடு முன்பக்கம் மேடேறியபடி முதல் கியரில் மிதிப்பதுதான் மல்லாந்து விழுவதற்கு வசதியான நிலை. பின்பக்கமாக ஏற வேண்டும், இல்லையென்றால் வரப்பைச் சரித்து வழி செய்துகொள்ள வேண்டும்.

சுவீடனில் 1959-லேயே புது டிராக்டர்களுக்கு ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகம் கட்டாயமாக்கப்பட்டது. அதன் பிறகு அங்கே டிராக்டர் கவிழ்ந்து சாவது வெகுவாகக் குறைந்தது. டிராக்டர் கவிழ்ந்தாலும் சட்டகம் தரையில் ஊன்றி, ஓட்டுநருக்கு உயிர்பிழைக்கும் இடம் விட்டுவைக்கும். சேற்றுழவுக்குப் போகும் பல டிராக்டர்களில் இங்கே வெயில் தகரம்தான் இருக்கிறது. அதைத் தாங்கும் நான்கு குழாய்களைப் பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது, டிராக்டரின் எடைக்கு அவை கரும்புத் தட்டைகள். புதிதாக வாங்குபவர்கள் சட்டகம் உள்ளதைக் கேட்டு வாங்கட்டும். சட்டகம் இருந்தால் இருக்கைப் பட்டையும் போட வேண்டும். சட்டகம் இல்லாத டிராக்டரில் பட்டை போடுவது தவறு, குதித்துத் தப்பும் வாய்ப்பும் போய்விடும்.

முன்பக்கம் கிளம்புகிறது என்று தெரிந்தால் கிளட்ச் ஒன்றுதான் மருந்து. அந்த ஓட்டுநர் செய்தது சரி. ஆனால் அவரை மறுபடியும் அந்த இடத்தில் உட்கார வைக்காமல் இருப்பது அதைவிடச் சரி.

*

“பழைய ஆயில் எஞ்சினில் இரண்டு பக்கமும் அவ்வளவு கனமான சக்கரம் எதற்கு? லேசானதாக மாற்றினால் டீசல் மிச்சமாகுமா?”
— தென்காசி மாவட்ட வாசகர்

மிச்சமாகாது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் டீசல் எரிந்து பலம் கிடைக்கிறது. மீதி நேரமெல்லாம் எஞ்சினை ஓட்டுவது அந்தச் சக்கரத்தில் சேர்ந்திருக்கும் சுழற்சிதான், யோ-யோவை மேலேற்றிய அதே சேமிப்பு. லேசான சக்கரம் போட்டால் எஞ்சின் விட்டு விட்டு உதறும், சுமை ஏறினால் நின்றுவிடும். கனம் விளிம்பில் இருப்பதற்கும் காரணம் உண்டு. அதே எடையை மையத்திலிருந்து இரண்டு மடங்கு தள்ளி வைத்தால், அதே சுற்று வேகத்தில் நான்கு மடங்கு சுழற்சி ஆற்றல் சேரும். நிமிடத்துக்கு 650 சுற்று ஓடும் லிஸ்டர் வகை எஞ்சினில், 60 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தின் விளிம்பு மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதில் வெடிப்பு தெரிந்தால் பற்றவைத்து ஓட்ட வேண்டாம், மாற்றிவிட வேண்டும்.

கைப்பிடி போட்டுக் கிளப்புபவர்கள் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்க வேண்டும். எஞ்சின் எதிர்த்துத் தள்ளினால் கைப்பிடி கையை விட்டு நழுவிப் போகும், விரல் பிழைக்கும். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனியவே கூடாது.